தூத்துக்குடியிலிருந்து சாவோ பாவுலோவுக்கு

வாகைக்குளம் விமான நிலையத்தில் புதுக் கட்டடம் திறந்த பிறகு ஒருநாள் ஷர்மிளா என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலையை விட்டபோது என் நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள். இனிமேல் பெரிய விமானமெல்லாம் இறங்கும், ஊரே மாறிவிடும் என்று பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் குரல் இறங்கி, "ஆனா நேரம் கேட்டு ஒருத்தரும் நம்ம ஆபீசுக்கு வாரதில்லக்கா. எல்லாம் போன்லயே பாத்துக்கிடுதாவ" என்றாள். தன் போனையும் நீட்டினாள். இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் நடுவில் உள்ள தூரத்தையும் பயண நேரத்தையும் காட்டுகிற பக்கம். நான் தூத்துக்குடி என்றும் சாவோ பாவுலோ என்றும் போட்டேன். ஏறத்தாழப் பதினான்காயிரம் கிலோமீட்டர், பதினேழு மணி நேரம் என்று வந்தது.

அப்படி ஒரு விமானமே கிடையாது. உருண்டையின் மேல் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் நீளத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்துச் சொல்கிறார்கள். கணக்கு சரிதான். அந்தக் கோட்டின் மேல் மனிதர் யாரும் போக முடியாது, அவ்வளவுதான்.

"அது பிரேசில்ல இருக்குற ஊர்தானக்கா? நம்ம ஊர்ல இருந்து அங்க யாரு போனா?" என்று கேட்டாள் ஷர்மிளா. அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், கொரோனாவுக்கும் முன்னால் நடந்தது. அன்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்திருக்கிறேன்.

நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. அப்பா பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். தூத்துக்குடியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தபோது, பெருமாள் கோவில் தெருவிலிருந்து காயல்பட்டினத்துக்காரர் ஆபீசுக்கா என்று தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள்.  அப்பா மறுநாள் எனக்குப் பஸ் பாஸ் எடுத்துக் கொடுத்தார். கார்பன் வைத்த டிக்கெட்டை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது, செங்கல் கனத்துக்கு இருக்கும் கால அட்டவணையில் இணைப்பு விமானம் தேடுவது, ஊர்களின் மூன்றெழுத்துக் குறிகள், அப்புறம் கம்ப்யூட்டர். இதெல்லாம் ஒன்றிரண்டு வருஷத்தில் கைக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் உள்ளதை முதலாளியிடம்தான் படித்தேன்.

அவரை எல்லாரும் மக்தூம் காக்கா என்போம். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவசர டிக்கெட் என்று யாராவது படியேறி வந்தால், எங்கே போகணும் என்று கேட்கமாட்டார். உட்காரவைத்து ஒரு தம்ளர் தண்ணீர் கொடுப்பார். குடித்து முடித்ததும், "சந்தோசத்துக்கா, துக்கத்துக்கா?" என்பார். சந்தோஷம் என்றால் என்னிடம் அனுப்பிவிடுவார். துக்கம் என்றால் தானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார்.

துக்கத்துக்குப் போகிறவர்களிடம் மணிக்கணக்குச் சொல்லக்கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். "அஞ்சு மணி நேரம்னு நீ சொன்னா, அந்த மனுசன் இப்ப இருந்து அஞ்சு மணி நேரத்தைக் கூட்டிப் பார்ப்பான். ஏர்போட்டுக்குப் போற நேரம், காத்துக் கிடக்குற நேரம், பெட்டி வாராத நேரம், ஒண்ணும் அவனுக்குத் தோணாது. கிழமையைச் சொல்லு. வியாழக்கிழமை அசருக்கு மேல வீட்டு வாசல்ல நிப்பீங்கன்னு சொல்லு. அதை மட்டும் சொல்லு" என்பார். அசர் என்பது சாயங்காலத் தொழுகை. கொஞ்ச நாளில் எனக்கும் அந்தக் கணக்கே வாயில் வந்துவிட்டது.

சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரு பெரியவர் காலையில் இறந்துபோனார். ஒரே மகன் செய்யது ரியாத்தில் இருந்தான். மையத்தை, அதாவது உடலை, வைத்திருக்கலாமா, அடக்கிவிடலாமா என்று வீட்டிலிருந்து காக்காவுக்குப் போன் வந்தது. அவர் அரை மணி நேரம் பல இடங்களுக்குப் பேசினார். அந்த ஊரில் வேலை கொடுத்த முதலாளி கையெழுத்துப் போட்டுப் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரவேண்டும். அன்று அங்கே விடுமுறை. காக்கா போனை எடுத்து, "இன்னைக்கு வர மாட்டான். அசர் தொழுதுட்டு அடக்கிருங்க" என்றார்.

மறுநாள் மத்தியானம் செய்யது திருவனந்தபுரத்தில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு எங்கள் ஆபீசுக்கு வந்தான். ரியாத் முதலாளி எப்படியோ இரவோடு இரவாகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டாராம்.

"நீங்க சொன்னது சரிதான் காக்கா. நேத்து நான் வர முடியாதுதான். ஆனா நீங்க சொல்லாம இருந்திருந்தா வாப்பாவ எனக்காக வச்சிருப்பாங்க" என்றான்.

காக்கா அவனை உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்து, அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு தன் காரிலேயே கூட்டிக்கொண்டு போய் வாப்பாவை அடக்கிய கபர் அருகில் விட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்ததும் என்னிடம், "நேரம் சொல்லுறவன்தான்மா குழி வெட்டச் சொல்லுறவன். அது தெரிஞ்சு சொல்லணும்" என்றார். அந்த வாரம் முழுக்க நான் யாருக்கும் நேரம் சொல்லவில்லை; எல்லாரையும் அவரிடமே அனுப்பினேன். 

பிற்பாடு எங்களுக்குக் கப்பல்காரர்களின் டிக்கெட் வேலை வந்தது. தூத்துக்குடிக் கடற்கரைப் பையன்கள் நிறையப் பேர் வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை பார்க்கிறார்கள். எந்தத் துறைமுகத்தில் கப்பல் நிற்கிறதோ அந்த ஊருக்குப் பறந்து போய் ஏறுவார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் வேறு ஏதோ ஊரிலிருந்து பறந்து வருவார்கள். ஆள் எடுத்து அனுப்பும் ஆபீஸ் ஒன்று அந்த வேலையை எங்களுக்குக் கொடுத்தது. பல வருஷம் நான் பார்த்தது அதைத்தான். போகாத ஊர்களின் விமான நிலையங்களில் எந்த வாசல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

ஜெரோம் என்பவர் அப்படி நான் பல தடவை அனுப்பிவைத்த ஆள். கப்பலில் எஞ்சின் அறை வேலை. அதிகம் பேசமாட்டார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, "சரி மேடம்" என்று போய்விடுவார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆள் அனுப்பும் ஆபீசின் மேனேஜர் ராஜசேகர் வியர்வையில் சட்டையெல்லாம் நனைய எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். பிரேசிலில் சாவோ பாவுலோவை அடுத்த சாந்தோஸ் என்கிற துறைமுகத்தில் கப்பல் சர்க்கரை ஏற்றிக்கொண்டு நின்றபோது, ஜெரோம் ஏணியிலிருந்து தவறி அடித்தளத்தில் விழுந்துவிட்டார். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்து மூச்சு ஓடுகிறது. பிழைக்கமாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மனைவி வருவதாக இருந்தால் அதுவரை மெஷினை எடுக்காமல் பார்க்கிறோம். அவர் எப்போது வருவார் என்று கேட்கிறார்கள்.

"மனைவி வராங்களா?" என்று காக்கா கேட்டார். அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலியோடு தினமும் வந்துகொண்டிருந்தார்.

"வந்தே தீருவேன்னு நிக்கறாங்க சார். பாஸ்போர்ட் இருக்கு, எப்பவோ குவைத் வேலைக்குன்னு எடுத்தது. நான் ரெண்டு நாள்னு சொல்லிடட்டுமா?"

"ரெண்டு நாள்ல முடியாது சார். விசாவே மும்பையில வாங்கணும்" என்றேன்.

"தெரியும் மேடம். அஞ்சு நாள்னு சொன்னா அவங்க காத்திருக்க மாட்டாங்க. ரெண்டு நாள்னு சொல்லி வைப்போம். அப்புறம் ஒவ்வொரு நாளா தள்ளிக்கலாம்."

காக்கா நாற்காலியை ராஜசேகர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அங்க கட்டில்ல கிடக்குறது ஒரு மனுசன். மூணாம் நாள் அந்த டாக்டர், இவங்க பொய்யர்கள்னு முடிவு பண்ணிட்டார்னா அவருக்கு யாரு பேசுவா? உள்ளதைச் சொல்லுங்க. கோதை, எப்பம்மா?"

நான் எழுந்துபோய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பாஸ்போர்ட் இன்று ஆள்வசம் மும்பை போகவேண்டும். எவ்வளவு கெஞ்சினாலும் வியாழக்கிழமை சாயங்காலம்தான் விசா. வெள்ளிக்கிழமை இங்கிருந்து சின்ன விமானத்தில் சென்னை. மும்பை போன ஆள் பாஸ்போர்ட்டோடு அங்கே வந்து நிற்கவேண்டும். அன்று இரவு துபாய். சனிக்கிழமை காலை துபாயிலிருந்து கிளம்பி ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக்கையும் ஒரே மூச்சில் தாண்டிச் சாவோ பாவுலோ போகிற நீளமான விமானம்.

"சனிக்கிழமை சாயங்காலம், அவங்க ஊர் நேரத்துக்கு" என்றேன்.

ராஜசேகர் அங்கிருந்தே சாந்தோஸுக்குப் பேசினார். அங்கே கப்பல் கம்பெனிக்காக வேலை பார்ப்பவர் லூசியா என்ற பெண்மணி. ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. டாக்டர்கள் முயற்சி செய்வார்கள். வாக்குக் கொடுக்க முடியாது.

பிலோமினா அன்று மத்தியானம் வந்தார். ஜெரோமின் மனைவி, எல்லாருக்கும் பிலோமி. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கூட வந்தவர் ஜெரோமின் அண்ணன் தொம்மை, கடலில் சங்கு குளிக்கிறவர். அகலமான மார்பு, உப்பில் வெளுத்த தலைமுடி. பிலோமி தண்ணீரைக் குடிக்காமல் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, நான் போறவரைக்கும் அவிய இருப்பாவளா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. நீங்க சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஊர்ல இறங்குவீங்க. எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

தொம்மை குறுக்கிட்டார். "அங்கன போயி என்னத்த செய்யப் போற பிலோமி? பாஷ தெரியாது. ஊர் தெரியாது. எப்படியும் அவன இங்கன கொண்டாந்துருவாவ. பிள்ளையளு ரெண்டும் ஏங்கிப் போயிரும்."

"அத்தான், பன்னெண்டு வருசமா அவியதான் என்னைய விட்டுட்டுப் போயிப் போயி வந்தாவ. ஒரு தடவ நான் போயிட்டு வாரேன்" என்றார் பிலோமி. தொம்மை பிலோமியின் பாஸ்போர்ட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அந்த மூன்று நாளும் பிலோமி காலையில் ஆபீஸ் திறக்கும்போது வந்து, மூடும்வரை எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருக்க முடியவில்லை என்றார். வருகிறவர்களெல்லாம் வாசலிலேயே அழத் தொடங்கிவிடுகிறார்களாம். "இருக்காவ, இருக்காவன்னு சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலிக்கு" என்றார். ஒருநாள் துறைமுகத்துச் சுகாதார ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு வந்தேன். பிரேசில் போய்த் திரும்புகிறவர்களுக்கு அது கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாளாவது ஆகாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்தில் பிடித்துத் தனியாக வைத்துவிடுவார்கள் என்று அங்கிருந்த டாக்டர் எச்சரித்தார். பிலோமி காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கை வீங்கிப்போனது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வாகைக்குளத்துக்கு நானும் போனேன். பிலோமி மாதா கோவிலில் மந்திரித்த எண்ணெயை ஒரு பெரிய பாட்டிலில் வைத்திருந்தார். அதை விமானத்தில் விடமாட்டார்கள் என்று நான் முதல்நாளே சொல்லி, இருமல் மருந்துக் குப்பியில் மாற்றி எடுத்துவரச் சொல்லியிருந்தேன். உள்ளே போகும்போது அந்தக் குப்பியை என்னிடம் காட்டி, "இது போதும்லாக்கா?" என்று கேட்டார். போதும் என்றேன். ஒவ்வொரு ஊரிலும் இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்பவேண்டும், எந்தப் பலகையைப் பார்க்கவேண்டும் என்று என் குரலிலேயே பேசி அவர் போனுக்கு அனுப்பியிருந்தேன். வாட்ஸ்அப்பில் அது ஒரு வசதி.

சனிக்கிழமை காலை துபாயிலிருந்து அவர் குரல் வந்தது. "அக்கா, அடுத்த பிளேன் ஏறுற வாசல்ல உக்காந்திருக்கேன். நீங்க சொன்னபடியே இருக்கு எல்லாம். அவிய எப்படி இருக்காவன்னு கேட்டுச் சொல்லுங்க." லூசியாவிடம் கேட்டேன். இருக்கிறார், மாற்றமில்லை என்று பதில் வந்தது. அதை அப்படியே பிலோமிக்குச் சொன்னேன். 'சரிக்கா' என்று எழுதிவிட்டு அவர் விமானத்தில் ஏறினார்.

விமானம் கிளம்பி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. லூசியா போன் செய்தார். ஜெரோமின் இருதயம் தானாகவே நின்றுவிட்டது. யாரும் மெஷினை எடுக்கவில்லை. அவர்கள் சொன்னபடி காத்திருந்தார்கள்.

ராஜசேகர் எங்கள் ஆபீசில்தான் இருந்தார். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். காக்கா தொம்மையை வரச் சொன்னார். தொம்மை வந்து, தண்ணீர் குடித்து, விஷயத்தைக் கேட்டார். அழவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் மூச்சை அடக்குகிறமாதிரி வெகுநேரம் நெஞ்சு அசையாமல் இருந்தார். பிறகு, "இப்ப அவ எங்கன இருக்கா?" என்று கேட்டார்.

விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன். சின்னதாக ஒரு மஞ்சள் விமானம். அரபிக் கரையைத் தாண்டி ஆப்பிரிக்காவின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. பார்த்தால் நகர்கிறமாதிரியே இல்லை. தொம்மை விரலை அதன் மேல் வைத்தார். "இவளுக்கு இப்பமும் புருசன் இருக்கான்" என்றார்.

அந்த விமானம் இறங்க இன்னும் பதின்மூன்று மணி நேரம். என் வேலையில் எத்தனையோ தடவை மற்றவர்களுக்காக நான் நேரத்தைக் கூட்டியும் கழித்தும் பார்த்திருக்கிறேன். அந்தப் பதின்மூன்று மணி நேரத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சீக்கிரம் போகக்கூடாது, போகாமலும் இருக்கக்கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது.

காக்காதான் கேட்டார். "கோதை, அந்தப் புள்ள இறங்குனதும் முதல்ல என்ன செய்யும்?"

"போனைத் திறக்கும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எங்கள் எல்லாருக்கும் அது உறைத்தது. இறந்துபோனால் ஊரில் முதலில் நடப்பது என்ன? மாதா கோவிலில் துக்க மணி அடிக்கும். மணி அடித்தால் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தால் போட்டோவும் மெழுகுவர்த்தியும் வைத்து எல்லாரும் ஸ்டேட்டஸ் போடுவார்கள். குவைத்திலும் மஸ்கட்டிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் 'ஆழ்ந்த இரங்கல்' என்று பிலோமியின் நம்பருக்கே அனுப்புவார்கள். அவர் அந்த ஊரின் குடியேற்ற வரிசையில் தனியாக நின்று, பாஷை தெரியாத ஜனங்களுக்கு நடுவில் அதைப் படிப்பார்.

தொம்மை எழுந்தார். "ஒருத்தனும் வாயத் தெறக்கக் கூடாது" என்றார். லூசியாவிடம் காக்கா சொல்லச் சொன்னது இதுதான்: விமான நிலையத்தில் எதுவும் சொல்லவேண்டாம், பொய்யும் சொல்லவேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அங்கே கப்பல்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் பாதிரியாரைக் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

நான் தொம்மையோடு அவர்கள் தெருவுக்குப் போனேன். அந்தச் சாயங்காலத்தை மறக்க முடியாது. அவர் முதலில் பங்குச் சாமியாரைப் பார்த்தார். மணியைக் காலை வரை அடிக்கவேண்டாம் என்று கேட்டார். சாமியார் சரி என்று அவர் தலையில் கை வைத்தார். பிறகு வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "தம்பி போயிட்டான். பிலோமி இன்னும் வானத்துல இருக்கா. அவ ஆஸ்பத்திரி போய்ச் சேந்து பேசுறவரைக்கும் அழாதிய, போன்ல ஒண்ணும் போடாதிய" என்றார். சில பெண்கள் அழத் தொடங்கி, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். சொந்தக்காரப் பையன் ஒருவன் எப்படியோ தெரிந்து போட்டோ போட்டுவிட்டிருந்தான். "ஏலே, அழிலே அத" என்றார் தொம்மை. அவன் அங்கேயே அழித்தான். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு அவரே ஒவ்வொருவராகப் போன் செய்து அதையே சொன்னார். தம்பி செத்த செய்தியை அந்த மனிதர் ஒரு மாலையில் எத்தனை முறை தன் வாயால் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

அவர் வீட்டில்தான் ஜெரோமின் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். பெரியவள் வாசலுக்கு வந்து, "பெரியப்பா, அம்மா எறங்கியாச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல மக்கா" என்றார். உள்ளே போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நான் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தெரு சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசைக்கு முன்னால் பிலோமி சாந்தோஸ் ஆஸ்பத்திரியிலிருந்து தொம்மைக்குப் பேசினார். பார்த்துவிட்டேன், எண்ணெய் தடவிவிட்டேன், இனி மணி அடிக்கச் சொல்லுங்க என்றாராம். மணி அடித்தது. அதற்கு மேல்தான் அந்தத் தெருவில் வாய்விட்டு அழுதார்கள்.

உடலைக் கொண்டுவர இரண்டு வாரம் ஆகிவிட்டது. போலீஸ் விசாரணை, மருந்தேற்றிப் பதப்படுத்துவது, தூதரகத்தின் அனுமதி, சரக்கு விமானத்தில் இடம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. பிலோமி தனியாக வரமாட்டேன், கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று அங்கேயே இருந்தார். ஊசி போட்ட பத்து நாள் கணக்கு அதற்குள் தாண்டிவிட்டதால் வரும்போது யாரும் அவரை நிறுத்தவில்லை. லூசியா தன் வீட்டிலேயே அவரை வைத்துக்கொண்டார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. ஆனால் ஒருநாள் லூசியா கதவைப் பூட்டப்போய் "ஷாவி" என்று தேடியபோது பிலோமி சாவியை எடுத்துக் கொடுத்தாராம். ஜன்னலுக்கும் கிட்டத்தட்ட நம் சொல்தான், மேசைக்கும் அதுதான். போர்த்துக்கீசியர் நம் கரையில் விட்டுப்போன சொற்கள். அந்த நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களும் இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறார்கள்.

அன்றைக்கு வாகைக்குளம் வந்துபோன சின்ன விமானத்தில் சவப்பெட்டி ஏறாது. அதனால் துபாய் வழியாகத் திருவனந்தபுரம் வரை விமானம், அங்கிருந்து நாகர்கோவில் வழியாக வேன். வேன் தெருவுக்குள் நுழைந்தபோது முன்சீட்டில் பிலோமி உட்கார்ந்திருந்தார். நானும் காக்காவும் அடக்கத்துக்குப் போயிருந்தோம். காக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டம் வரை நடந்தே வந்தார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு பிலோமியும் தொம்மையும் காக்காவைப் பார்க்க ஆபீசுக்கு வந்தார்கள். இந்த முறை பிலோமி தண்ணீரைக் குடித்தார். கொஞ்சநேரம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தொம்மை அன்று தெருவில் வீடு வீடாகப் போனதை ராஜசேகர் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிவந்தார். அன்றும் அவர் இருந்தார், அதையே சொன்னார். உங்களுக்குத் தெரியாமல் ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என்றார்.

"எனக்கு ஏர்போட்லயே தெரிஞ்சிட்டு சார்" என்றார் பிலோமி.

எப்படி என்று கேட்டேன்.

"எறங்குனதும் போனைத் தெறந்தேன். வரிசையில நின்னுக்கிட்டே பாக்கேன், ஒண்ணுமே வரல. துபாயில எறங்கும்போது நாப்பது பேரு கேட்டிருந்தாவ, போய்ச் சேந்தியா, சாப்பிட்டியான்னு. அங்க ஒருத்தரும் கேக்கல. எம்மவகூட கேக்கல. அம்புட்டுப் பேரும் ஒண்ணுபோல பேசாம இருந்தா வேற என்ன அர்த்தம்?"

தொம்மை எழுந்துபோய்ச் சுவர்ப்பக்கம் நின்றார். "நான்தான் எல்லாரு வாயையும் பொத்துனேன் பிலோமி" என்றார்.

"தெரியும் அத்தான். யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா ஆஸ்பத்திரி போற வரைக்கும் அவிய எனக்கு இருந்திருப்பாவ. ஆனா செத்தது தெரிஞ்சும் அப்படிக் கேட்டிருந்தா, பெறவு உங்க மூஞ்சில முழிக்க எனக்கு ஆயிருக்காது. அதனால ஒண்ணுமில்ல."

காக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.  நான்தான் கேட்டேன், அங்கிருந்து சாந்தோஸ் போக வெகுநேரம் ஆகுமே, லூசியாவிடம் ஒன்றும் கேட்கவில்லையா என்று.

"கேக்கலக்கா. மலையில இருந்து எறங்கி எறங்கிப் போகுது ரோடு. அந்தப் பொம்பள பாவம், எனக்குத் தெரியாதுன்னு நெனச்சி, அழுகைய அடக்கிக்கிட்டு அந்த மலையக் காட்டுதா, காட்டக் காட்டுதா, தூரத்துல கடலக் காட்டுதா. அவ மனசு சங்கடப்படக் கூடாதேன்னு, நானும் ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே போனேன்" என்றார் பிலோமி.